நல்ல நாளும் அதுவுமாக ஒரு காய்ச்சல்

இரண்டாவது கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா முதல் நாலைந்து நாள் படுக்கையை விட்டு எழுவதில்லை. தாளிக்கும் வாசனையே ஆகவில்லை. தண்ணீர்கூடக் கசக்கிறது. ஏழாம் நாள் வாக்கில் மெல்ல எழுந்து உட்காருகிறார். ரசம் சாதம் இரண்டு வாய் இறங்குகிறது. பத்தாம் நாள் தீபாவளி. தலையில் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "முறுக்கு மாவுல உப்பு பாத்தியாடி?" என்று மகளைக் கேட்கிறார். வந்து போகும் உறவினர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "முகம் தெளிஞ்சிருச்சு. இனி பயமில்ல."

அன்றைக்கே ரத்தம் எடுத்துச் சோதித்தால் வேறு கதை தெரியும். அடுத்த கீமோ வரையிலான மூன்று வாரத்தில் கிருமித் தொற்றுக்கு அம்மா மிக எளிதாக ஆளாகும் நாட்கள் இவைதான். வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்த மூன்றாம் நாள் இவ்வளவு ஆபத்தானதல்ல. உடம்பு தேறியதாகத் தோன்றும் நாளில் உள்ளே பாதுகாப்பு சரிந்து கிடப்பது எப்படி? புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு பண்டிகையைக் கடக்கும் ஒவ்வொரு வீடும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் உயிரியல் தெரிந்தால் போதும்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைக் குறிவைப்பவை. புற்றுச் செல்கள் அப்படிப் பெருகுபவை. நம் உடலின் சில நல்ல இடங்களும் அப்படித்தான். முடியின் வேர், வாயிலிருந்து குடல்வரை உள்ளே படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு, எல்லாவற்றுக்கும் மேலாக எலும்பு மஜ்ஜை. எலும்புகளுக்குள் இருக்கும் இந்தப் பஞ்சு போன்ற திசுதான் ரத்த அணுக்கள் அத்தனைக்கும் பிறப்பிடம். இங்கு பிறக்கும் வெள்ளணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோஃபில் என்னும் வகை. பாக்டீரியாவும் பூஞ்சையும் உடலுக்குள் நுழைந்தால் முதலில் பாய்ந்து சென்று விழுங்குபவை இவை. இவற்றின் ஆயுளோ மிகக் குறைவு. அதனால் மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கடைசி மூச்சுவரை நிற்காத வேலை இது.

வீட்டு இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, மூன்று நாளைக்கு வேண்டிய மாவை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். இன்று கிரைண்டர் பழுதாகிவிடுகிறது. நாளைக் காலை தட்டில் இட்லி இருக்கும். மறுநாளும் இருக்கும். சாப்பிட உட்காருபவருக்கு எதுவும் தெரியாது. மாவு தீர்ந்த நாளில்தான் தட்டு காலி. அன்றே கிரைண்டரைச் சரிசெய்து கொண்டுவந்தாலும் உடனே இட்லி வராது; ஊறி, அரைத்து, புளிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கீமோ தாக்குவது மஜ்ஜையின் கிரைண்டரை, அதாவது பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் இளம் செல்களை. பிரியும் கட்டத்தைத் தாண்டி, முதிர்ந்துகொண்டோ முதிர்ந்தோ மஜ்ஜைக்குள் காத்திருக்கும் நியூட்ரோஃபில்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. அந்த இருப்பு ஏறக்குறைய ஒரு வாரம் தாங்குகிறது. அது தீர்ந்ததும் ரத்தத்தில் எண்ணிக்கை சரிகிறது. மருந்துக்கு மருந்து வேறுபடும் என்றாலும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பல கீமோக்களில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இந்தப் பள்ளம் விழுகிறது. மருத்துவர்கள் 'நேடிர்' என்பது இதைத்தான். நாம் தாழ்நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொன்றாம் நாளுக்குள் எண்ணிக்கை ஏறிவிடும். கீமோவை 21 நாளுக்கு ஒருமுறை வைப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

எலும்புக்குள் நடக்கும் இந்தத் தாமதத்தை அளந்தது எப்படி? 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அதற்கு வழி பிறந்தது. ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்குத் தேவையான மூலப்பொருள்களில் ஒன்று தைமிடின். அதில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டால், அன்றைக்குப் பிரியத் தயாராகும் செல்கள் மட்டும் அதை எடுத்துக்கொண்டு அடையாளம் பெறும். யூஜின் குரோன்கைட்டின் குழு மனிதர்களுக்கே இதைச் செலுத்தி, பிறகு நாள் தவறாமல் ரத்தம் எடுத்துப் பார்த்தது. அடையாளம் பெற்ற நியூட்ரோஃபில்கள் மறுநாளே ரத்தத்தில் தென்படவில்லை. பல நாட்கள் கழித்தே வந்து சேர்ந்தன. முதிர்வதற்கு ஆகும் காலம் அப்படித் தெரியவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் யூட்டா பல்கலைக்கழகத்தில் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொண்டு, ரத்தத்துக்கு வந்துவிட்ட நியூட்ரோஃபில்களின் ஆயுளைக் கணக்கிட்டார்கள். ஆறேழு மணி நேரத்துக்குள் பாதி ரத்தத்தை விட்டுப் போய்விடுகின்றன என்றது அந்தக் கணக்கு. 2010இல் வேறொரு முறையில் அளந்த நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஐந்து நாளுக்கு மேல் என்றார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், 120 நாள் வாழும் சிவப்பணுவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய ஆயுள்.

இந்த ஆயுள் வேறுபாட்டில்தான் அம்மாவின் முகத் தெளிவுக்கான விடை இருக்கிறது. குமட்டல் என்பது மருந்து உடலில் நுழைந்த சில மணி நேரத்தில் குடலும் மூளையும் சேர்ந்து எழுப்புவது. மருந்து வெளியேற வெளியேற நாலைந்து நாளில் அடங்கிவிடும். சோர்வுக்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்றான ரத்தசோகை, சிவப்பணுக்களுக்கு ஆயுள் அதிகம் என்பதால், ஒரு கீமோவில் தெரியாது. மூன்றாவது நான்காவது கீமோவில்தான் மெல்ல அழுத்தும். நியூட்ரோஃபில் குறைவுக்கோ வலி கிடையாது, மயக்கம் கிடையாது, எந்த உணர்வும் கிடையாது. ஆகவே "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டும் முகத்தைப் பார்த்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க வேண்டிய இடம் லேப் ரிப்போர்ட். நம் வீடுகளில் அந்தக் காகிதத்தில் எல்லாரும் முதலில் தேடுவது ஹீமோகுளோபினை. அது 10 என்றால் "பரவால்ல" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை அதற்குக் கீழே இருக்கும் இரண்டு வரிகள். டோட்டல் கவுண்ட் என்ற வரியில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணுக்கள் எத்தனை என்றிருக்கும். நியூட்ரோஃபில் அல்லது பாலிமார்ஃப் என்ற வரியில் அவற்றில் எத்தனை சதவீதம் இந்தக் காவல் செல்கள் என்றிருக்கும். மொத்தம் 2,400, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் இருப்பவை 480. பொதுவாக 1,500க்குக் குறைந்தால் குறைவு என்கிறார்கள். 500க்குக் கீழே என்றால் கடுமையான குறைவு. 2,400 என்ற எண் மட்டும் கண்ணில் பட்டால் இது தெரியாமலே போய்விடும்.

இப்படிக் கோடு போட அடிப்படை எங்கிருந்து வந்தது? 1966இல் ஜெரால்டு போடியும் அவருடைய சகாக்களும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் கடும் ரத்தப்புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 52 பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரின் வெள்ளணு எண்ணிக்கையும் அவருக்குத் தொற்று வந்த நாட்களும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கப்பட்டன. எண்ணிக்கை 1,000க்குக் கீழே இறங்க இறங்கத் தொற்று கூடியது; 100க்குக் கீழே மிக மோசம். பள்ளத்தில் கிடக்கும் நாட்கள் நீள நீள ஆபத்தும் கூடியது. மார்பகப் புற்றுக்கான வழக்கமான கீமோவில் பள்ளம் சில நாளில் முடிந்துவிடும். ரத்தப்புற்றுச் சிகிச்சையில் அது வாரக்கணக்கில் நீடிக்கும். இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே கெடுபிடி தேவையில்லை என்பதற்கு அடிப்படை இந்த ஆய்வுதான்.

கீமோவுக்கும் மஜ்ஜைக்கும் உள்ள உறவு தெரியவந்த வரலாறு போர்க்களத்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் கடுகு வாயுவால் தாக்கப்பட்ட வீரர்களின் வெள்ளணுக்கள் சரிந்து மஜ்ஜை வற்றிப்போயிருந்ததை 1919இல் எட்வர்ட், ஹெலன் கிரம்பார் தம்பதி பதிவு செய்தார்கள். வெள்ளணுக்களை அழிப்பது வெள்ளணுப் புற்றையும் அழிக்குமா என்ற கேள்வி அதிலிருந்து வந்தது. 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் இருவரும் அந்த வாயுவின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்று முற்றிய ஒருவருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கட்டி கரைந்தது. கூடவே வெள்ளணுக்களும் அதலபாதாளத்துக்குப் போயின. பிறகு மஜ்ஜை மீண்டது. அதோடு கட்டியும் மீண்டது. போர் ரகசியம் என்பதால் 1946வரை வெளியே சொல்லவில்லை. இடையில் 1943 டிசம்பர் 2ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது, ரகசியமாகக் கடுகு வாயுக் குண்டுகளை ஏற்றி வந்திருந்த அமெரிக்கக் கப்பலும் வெடித்தது. காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களின் வெள்ளணுக்கள் நாளாக நாளாகச் சரிந்ததை ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற ராணுவ மருத்துவர் குறித்து வைத்தார். இன்றும் மார்பகப் புற்றுக்கு, நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசினோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சைக்ளோபாஸ்பமைடு அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதரைக் கொல்லச் செய்த ஒரு பொருளிலிருந்து பிறந்த மருந்து இன்று லட்சக்கணக்கான தாய்மார்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் மஜ்ஜையைத் தாக்கும் குணம் அதைவிட்டு இன்னும் போகவில்லை.

இனி காய்ச்சல். நியூட்ரோஃபில் குறைவின் மிகப் பெரிய தந்திரம் இதுதான்: நோய் தன் அடையாளங்களைக் காட்டாது. கிருமி நுழைந்த இடம் வீங்குவதிலும் சீழ் கட்டுவதிலும் நியூட்ரோஃபில்கள் வந்து சண்டையிடுவதற்குப் பெரும் பங்கு உண்டு. சீழ் என்பதே பெரும்பாலும் அங்கே செத்துக் குவிந்த நியூட்ரோஃபில்கள். அவையே இல்லாதபோது தொண்டையில் சீழ் தெரியாமல் போகலாம். நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். சிறுநீரில் சீழணுக்கள் இல்லாமல் போகலாம். பெரும்பாலும் மிஞ்சும் ஒரே அறிகுறி காய்ச்சல். திசுக்களில் நெடுநாள் வாழும் வேறு காவல் செல்கள் கிருமியை உணர்ந்ததும் மூளைக்கு ரசாயனச் செய்தி அனுப்புகின்றன. மூளை உடற்சூட்டை ஏற்றுகிறது. அந்தச் செய்தி மட்டும் வந்து சேருகிறது, போரிட ஆள் இல்லை. கிருமிகள் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பெருகி, ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் செயலிழக்கும் நிலைவரை போகலாம்.

அதனால்தான் கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அவசரநிலை. மற்றவர்களுக்கு இது ஒரு மாத்திரையோடு போர்த்திப் படுக்கும் காய்ச்சல். இவருக்கு, மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதே இன்றைய நெறி. என்ன கிருமி என்று தெரியாமலே மருந்தா? ஆமாம். ஒரு காலத்தில், கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்காக இரண்டு நாள் காத்திருந்தார்கள். பலர் அதற்குள் இறந்துபோனார்கள். 1971இல் பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ஃப்பின் குழு, காய்ச்சல் வந்த உடனேயே இரண்டு ஆன்டிபயாடிக்குகளைத் தொடங்கிவிட்டு முடிவைப் பிறகு பார்க்கலாம் என்ற முறையைச் சோதித்து, அது உயிர் காக்கிறது என்று காட்டியது. ரத்த மாதிரியை எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவது அன்றிலிருந்து வழக்கமாயிற்று.

பண்டிகை நாளில் இந்த நெறி உடைவது மருத்துவமனையில் அல்ல, வீட்டில். அம்மாவுக்கு மதியமே லேசாகக் குளிர்கிறது. சொல்ல மாட்டார். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு ஆஸ்பத்திரி? பிள்ளைங்க ஊர்லேர்ந்து வந்திருக்கு" என்று தானே ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டுப் படுப்பார். சூடு இறங்கிவிடும். அந்த ஒரே அறிகுறியும் அழிந்துபோய்விடும். வாழ்நாளெல்லாம் தன் வலியைப் பின்னுக்குத் தள்ளிப் பழகியவர்கள் நம் அம்மாக்கள். அந்தப் பழக்கம் இந்த ஒரு வாரத்தில் அவர்கள் உயிருக்கே கேடாகலாம். ஆகவே கேட்காதீர்கள், அளந்து பாருங்கள். காலை, மாலை, முகம் வாடியிருந்தால் இடையிலும். சூடாக எதுவும் குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து, டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைத்து, பீப் சத்தம் வரும்வரை வாயை மூடியிருக்கச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்த பிறகுதான் எந்த மாத்திரையும். கீமோவோடு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சலே ஏறாமல் போகலாம். குளிர் நடுக்கம், தலைசுற்றல், பேச்சில் குழப்பம், மூச்சிரைப்பு ஆகியவை வந்தால் எண் எதுவானாலும் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிருமி எங்கிருந்து வருகிறது என்பதில் நம் வீடுகளில் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. வெளியார் கொண்டுவருவது மட்டும்தான் ஆபத்து என்று அம்மாவை ஓர் அறையில் அடைத்து, பேரப்பிள்ளையைக்கூட அண்டவிடாமல் செய்கிறார்கள். இந்தத் தொற்றுகளில் பெரும்பகுதி அவருடைய குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே வாழும் பாக்டீரியாக்களால் வருபவை. கீமோ குடலின் சவ்வையும் புண்ணாக்குவதால், உள்ளே சாதுவாக இருந்தவை அதன் வழியே ரத்தத்துக்குள் நுழைகின்றன. வாயைச் சுத்தமாக வைப்பது, உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, மலச்சிக்கல் வராமல் பார்ப்பது, ஆசனவாயில் தெர்மாமீட்டரோ எனிமாவோ வைக்காமல் இருப்பது எல்லாம் இதனால்தான். சளி, இருமல், காய்ச்சல், அம்மை உள்ளவர்கள் நிச்சயமாக வரக்கூடாது. நலமாக இருக்கும் பேத்தி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாட்டி பக்கத்தில் உட்காரட்டும். தனிமையும் அவரை வாட்டும்.

சாப்பாட்டிலும் இதே நிதானம் வேண்டும். பழம் கூடாது, தயிர் கூடாது என்று நீளும் கெடுபிடிப் பட்டியல்கள் தொற்றைக் குறைத்ததாகப் பல ஆய்வுகளில் தெரியவில்லை. சமைத்தவுடன் சாப்பிடுவது, பழத்தை நன்றாகக் கழுவித் தோல் உரித்துக் கொடுப்பது, வேகாத முட்டையும் கறியும் கொடுக்காமல் இருப்பது போதும். எண்ணெயில் அப்போதே பொரித்தெடுத்த முறுக்கு தாராளமாகச் சாப்பிடலாம். எப்போது செய்தது என்று தெரியாத கடைப் பால் இனிப்பைத் தவிர்க்கலாம். ஆட்டு ஈரல், பீட்ரூட், மாதுளை எல்லாம் சாப்பாடாக நல்லவை. நியூட்ரோஃபில் எண்ணிக்கையை அவை ஏற்றுவதில்லை. அதை ஏற்றுவது 'கவுண்ட் ஊசி' என்று எல்லாரும் சொல்லும் ஜி-சி.எஸ்.எஃப். மஜ்ஜையைத் தூண்டும் இந்தப் புரதங்களைத் தேடி ஆஸ்திரேலியாவில் டொனால்டு மெட்காஃப் பல பத்தாண்டுகள் உழைத்தார். 1991இல் இது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. பள்ளத்தை இது ஆழமில்லாததாக்கும், சீக்கிரம் கடக்கவைக்கும். அடியோடு இல்லாமல் செய்யாது. போட்ட பிறகு இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலிக்கலாம். புற்று எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். மஜ்ஜை வேகமாக உழைக்கும்போது வரும் வலி அது.

தூசு தனி விஷயம். போகிக்கு முன் பரண் இறக்குவது, சுவர் சுரண்டி வெள்ளையடிப்பது இவற்றில் கிளம்பும் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் இருக்கும். நம் நுரையீரல் அன்றாடம் சமாளிப்பதுதான். நியூட்ரோஃபில்கள் வாரக்கணக்கில் குறைந்திருக்கும் ரத்தப்புற்று நோயாளிக்கு அது உயிருக்கு ஆபத்து. அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் இந்த ஆண்டு வெள்ளையடிக்காவிட்டால் குறையொன்றுமில்லை.

கடைசியாக, பல வீடுகளில் எழும் கேள்வி: "கீமோவ தீபாவளி முடிஞ்சு போட்டுக்கலாமா, டாக்டர்?" ஓரிரு நாள் நகர்த்துவதற்கு மருத்துவர்கள் சில சமயம் இணங்குவார்கள். நாமாகத் தள்ளிப்போடுவது வேறு. இத்தாலியில் ஜியானி பொனடோனா மார்பகப் புற்று நோயாளிகளை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், திட்டமிட்ட மருந்தில் 85 சதவீதமாவது பெற்றவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. முழு மருந்தைத் தாங்காதவர்கள் முதலிலேயே உடல் நலிந்தவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் குணமாக்கும் நோக்கில் கொடுக்கும் கீமோவில் நாளும் அளவும் முக்கியம் என்பதை மருத்துவர்கள் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். தேதியை மாற்றுவதைவிடக் கொண்டாட்டத்தை மாற்றுவது எளிது. கீமோ போட்ட நாளை முதல் நாளாக எண்ணி, ஏழிலிருந்து பதினான்கு வரையான நாட்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். உறவினர் கூட்டத்தை அதற்கு அடுத்த வாரத்துக்கு அழையுங்கள்.

விடுமுறை தொடங்குமுன் இன்னும் சில வேலைகள் பாக்கி. உங்கள் டாக்டர் ஊரில் இருக்கிறாரா, இல்லையென்றால் யாரை அழைப்பது, இரவில் எந்த எமர்ஜென்சி திறந்திருக்கும், அங்கே நரம்பு வழி ஆன்டிபயாடிக் உடனே கொடுப்பார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி லேப் ரிப்போர்ட்டையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே மாட்டுங்கள். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் அம்மா என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "இவங்க கீமோவுல இருக்காங்க. காய்ச்சல் இருக்கு."